கடைசித் தெருவுக்கு ஐந்து மணி

ஆறு தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஒவ்வொரு தெரு முனையிலும் தரைக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு, மேலே இரும்பு மூடி. மூடியைக் கிளப்பி, மார்பு உயரத்துக்கு நிற்கும் இரும்புச் சாவியை உள்ளே விட்டு, அதன் குறுக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பதினாலு சுற்று திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். நாற்பது நிமிடம். பிறகு மூடிவிட்டு அடுத்த தெரு. காலை ஐந்துக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு ஆறு தெருவும் முடியும். ஒன்பது அடித்ததும் நீரேற்று நிலையத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அவர் கால் மணி நேரம் பிந்தினால் கடைசித் தெருவுக்குக் கால் மணி நேரத் தண்ணீர் போச்சு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

நேரில் பார்த்தால் 'தண்ணிக்காரரே' என்பார்கள். தலை மறைந்தால் 'திருகாணி'. இரண்டுமே அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

எதிரி வெளியில் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தது.

வீடு என்றால் ஒரு முன்னறை, ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு நடை, பக்கத்தில் மகள் படுக்கும் சிற்றறை. அவர், மனைவி, மகள் மூன்று பேருக்குத் தாராளம். ஆனால் மனைவியின் அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையைப் பத்து மணிக்குத் திறப்பார், பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போவார், நாலரைக்குத் திரும்பி வருவார். அப்படி நடத்தினால் எந்தக் கடைதான் நிற்கும்? கடையைக் காலி செய்த அன்று சாமான் மொத்தத்தையும் ஒரு வண்டியில் ஏற்றி, தங்கச்சி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கொஞ்ச நாளைக்குத்தான் மாப்பிள்ளை. வேற கடை பார்த்ததும் எடுத்துக்கிறேன்."

"எங்க மச்சான் வைக்கிறது?"

"சும்மா அப்படியே ஓரமா வைங்க."

"உங்க வீடு பெரிசாச்சே?"

"அங்க வச்சா உங்க அக்கா என்னையும் சேர்த்து வெளியில வச்சிடுவா."

அவர் சொன்ன அக்கா, மச்சானின் மனைவி. வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவள். கடைசித் தெருவில் இருந்த அந்த வீட்டுக் கூடத்தில் பந்து விளையாடலாம். அந்தக் கண்ணாடி அப்படியே மின்னுவதற்காகத் திருகாணியின் வீட்டில் வந்து இறங்கியவை இவை: தங்கச் சாயம் பூசிய ஒரு ராஜா நாற்காலி. ஆளுயரத்தில், சுண்ணமாவில் வார்த்த இரண்டு தூண்கள். ஒரு காது போன மரக்குதிரை. அருவி வரைந்த பெரிய திரை, சுருட்டியது. அந்தத் திரையைத் தாங்கும் இரும்புக் கம்பிகள். குடை வைத்த விளக்குகள் நாலு. அப்புறம் ஒரு படகு. முன்பாதி மட்டும். போட்டோவில் பின்பாதி விழாதாம், அதனால் செய்யவில்லையாம்.

நாலு வருடம் ஓடிவிட்டது.

காலை நாலேகாலுக்கு எழுவார். மகள் விழித்துவிடக் கூடாது என்று விளக்குப் போட மாட்டார். குதிரையில் முழங்கால் இடிக்கும். குனிந்தால் படகின் மூக்கு விலாவில் குத்தும். தூண்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் சமையலறைக்குப் போக முடியும். மனைவி தேநீர்க் குவளையோடு அந்தப் பக்கமிருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் நகர வேண்டும். சட்டை நாற்காலிக் கையில் இருக்கும், அல்லது விளக்குக் குடைமேல் இருக்கும், அல்லது குதிரை போட்டுக்கொண்டிருக்கும். டார்ச் படகுக்குள் விழுந்திருக்கும். தினம் காலையில் வீட்டில் கேட்கும் முதல் பேச்சு, "எங்கடி வச்ச?" இரண்டாவது, "நான் எங்க வச்சேன்?" மூன்றாவது மகளுடையது. "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா தேடுங்களேன்."

பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று பிந்த ஆரம்பித்தார். கடைசித் தெரு முணுமுணுத்தது.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. வாசல் மூலையில் நிற்க வேண்டியது வால்வு சாவி. அங்கே ராஜா நாற்காலி உட்கார்ந்திருந்ததால், சாவி திரைச் சுருளுக்குப் பின்னால் மற்றக் கம்பிகளோடு கம்பியாகச் சாய்ந்து நின்றது. இருட்டில் கையை விட்டார். குறுக்குக் கைப்பிடி கைக்குக் கிடைத்தது. கனம் சரியாக இருந்தது. சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தார். இருபத்தைந்து நிமிட மிதி. முதல் குழியின் மூடியைக் கிளப்பி, உள்ளே விட்டுத் திருகினால் சுற்றுகிறது, சுற்றுகிறது, ஒன்றையும் பிடிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் கையில் இருந்தது அருவியைத் தொங்கவிடும் கம்பி.

போய்த் திரும்ப ஐம்பது நிமிடம். அன்றைக்குக் கடைசித் தெருவில் ஒரு சொட்டு விழவில்லை.

மறு வாரம் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். அந்தம்மா கத்துகிற ஆள் இல்லை. காகிதத்தைத் தள்ளிவிட்டுப் பேனாவால் தட்டுவார், அதுவே போதும்.

"இது என்னன்னு தெரியுதா?"

"மனு மாதிரி தெரியுது மேடம்."

"மாதிரி இல்ல. மனுதான். முப்பத்தொரு கையெழுத்து. படிங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'தண்ணீர் திறப்பவரின் சோம்பேறித்தனத்தால் எங்கள் தெரு வறண்டு கிடக்கிறது. இனி எங்கள் தெருவுக்கே முதலில் திறந்துவிட ஏற்பாடு செய்ய வேண்டும்.' சோம்பேறித்தனம் என்ற சொல்லில் அவர் கண் நின்றது. அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு நாய்க்குட்டி வால் மாதிரி ஒரு சுருள் போட்டிருந்தது. அந்தச் சுருளை அவருக்குத் தெரியும். அவர் கல்யாண போட்டோ ஒவ்வொன்றின் முதுகிலும் அது இருக்கிறது. கீழே முதல் கையெழுத்தைப் பார்த்தார். மச்சான்.

முழங்காலில் இடித்த குதிரையும், விலாவில் குத்திய படகும், கைக்கு வந்த கம்பியும் யாருடையவை? அந்த ஆள் தெருத் தெருவாக, இல்லை, ஒரே தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். நாலு வருடத்தில் அவர் பார்த்த முதல் வேலை.

"இன்னும் ஒரு நாள் பிந்தினா நீங்க வண்டல் தொட்டிக்குப் போறீங்க," என்றார் பொறியாளர். "எனக்கும் மேல பதில் சொல்லணும்."

வண்டல் தொட்டி ஊருக்கு வெளியே இருக்கிறது. முழங்கால் சேற்றில் நின்று நாள் முழுக்க வாரிக் கொட்ட வேண்டும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே போனவர்களில் இடுப்போடு திரும்பியவர்கள் குறைவு.

அவர் வாயைத் திறந்தபோது, என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"அவங்க கேட்டதைக் குடுத்துடலாம் மேடம். கடைசித் தெருவுக்கே முதல்ல திறக்கிறேன். அஞ்சு மணிக்கு."

"அப்போ இப்ப முதல்ல வாங்குற தெரு?"

"அங்க வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டி இருக்கு. எட்டு இருபதுக்கு விட்டாலும் தானா நிரம்பிக்கும். ஒருத்தரும் எந்திரிக்கவே வேண்டாம்."

"அஞ்சுக்குத்தான் திறந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் கையெழுத்துப் போட்டவரு இருக்காரே, பொறுப்பான மனுசன். தினமும் குழிக்கிட்ட வந்து பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போடட்டும். அஞ்சு மணிக்கு."

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சவரா?"

"ஊருக்கே தெரிஞ்சவருதான் மேடம்."

அடுத்த திங்கள் முதல் நடைமுறை என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். மனுவின் நகல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார் திருகாணி.

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை.

"எங்கண்ணன் அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. நீங்க வேற யாரையோ பார்த்துட்டு..."

நகலை நீட்டினார். அவள் முதல் வரியிலேயே சுருளைப் பார்த்துவிட்டாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த ராஜா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சோம்பேறின்னா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"நாலேகாலுக்கு எந்திரிக்கிற மனுசனை, ஏழு மணிக்கு எந்திரிக்கிறவரு?"

"ஏழரை."

"தூக்கி இப்பவே தெருவுல போடுங்க எல்லாத்தையும். நானே ஒரு கை பிடிக்கிறேன்."

"தெருவுல எதுக்கு? மழை பட்டா கெட்டுடும். ஞாயித்துக்கிழமை பத்திரமா அவர்கிட்டயே சேர்த்துடலாம். ஒரு கீறல் விழாம."

அவர் சிரித்த விதம் மனைவிக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அவர் அவசரப்படவில்லை. பழைய பதிவேடு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காலையும் எது, எங்கே நின்று, யாரை மறித்தது என்று குறித்தார். செவ்வாய்: குதிரை, படுக்கையிலிருந்து நாலு எட்டு, இடது முழங்கால். புதன்: தூண் இரண்டும், நடையில், இரண்டு நிமிடம். மனைவி நகர்ந்தாள். வியாழன்: நாற்காலி, வாசல் மூலை. படகு, குறுக்கே. அளவு நாடா வைத்து இடைவெளியும் எழுதினார். போலீஸ்காரன் விபத்து நடந்த இடத்தை அளப்பதுபோல் அளந்தார். மகள் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். அம்மாவோ நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எழுதிக்கொண்டே போனதில் ஒரு சங்கடம் வந்தது. குற்றவாளிகள் எல்லாமே மச்சானுடையவை அல்ல. சமையலறையில் பாத்திரம் இல்லாத மூடிகள் பதினேழு இருந்தன. காலையில் ஒரு மூடி எடுக்கப்போனால் பதினேழும் கொட்டும். மனைவி முணுமுணுக்காமல் எடுத்துப் போட்டாள். ஓடாத கடிகாரம் இரண்டு போனது. ஒரு கால் மட்டும் மிஞ்சிய செருப்புகள் போயின. பிறகு அவள் அலமாரிக்கு மேலே கை காட்டினாள். அங்கே ஏழு டப்பாக்கள். பத்தொன்பது வருடத்தில் வால்வுகளிலிருந்து கழற்றிய தேய்ந்த ரப்பர் வளையங்கள்.

"அது என்னோடது."

"தெரியும். டார்ச்சை அதுக்குப் பின்னாலதான் தினமும் தேடுறீங்க."

"என்னைக்காவது தேவைப்படும்."

"இதே பேச்சைத்தான் எங்கண்ணனும் பேசுறாரு."

அந்த வார்த்தை கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏழு டப்பாவையும் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். அதற்கும் சேர்த்து மச்சான்மேல் ஆத்திரம் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சின்ன லாரி ஒன்று கடைசித் தெருவுக்குள் நுழைந்தது. மேலே ராஜா நாற்காலி, அதன் பக்கத்தில் குதிரை. தெருவே வெளியே வந்தது. மச்சான் பனியனோடு வாசலில் நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, ஊர்வலமா?"

"நல்லா இருக்கீங்களா மச்சான்? உங்க சாமானைப் பத்திரமா வச்சிருந்தேன். இனிமே வச்சிருந்தா எங்க வீட்டுல எலி கடிச்சிடும். தூசி தட்டி, துடைச்சுக் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"இப்ப எதுக்கு அவசரம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம். நானே இறக்கி வச்சிடுறேன்."

முப்பது வீட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்தவர் பொருளை அப்பழுக்கில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தவரை வாசலில் வைத்து எப்படிப் போகச் சொல்வது? மச்சானின் மனைவி எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து உள்ளே போனாள்.

"எங்க வைக்கட்டும் மச்சான்?"

மச்சான் சோம்பலாகக் கையை வீசினார். "சும்மா அப்படியே வைங்க. நாளைக்கு நான் பார்த்துக்கிறேன்."

திருகாணி சட்டைப் பையிலிருந்து பதிவேட்டுத் தாளை எடுத்தார். தூண்கள் இரண்டும் சமையலறைக்குப் போகும் நடையில், அதே இடைவெளியில். குதிரை, படுக்கையிலிருந்து நாலு எட்டில். படகு குறுக்கே. ராஜா நாற்காலி மட்டும் வாசலுக்குப் பதில் பின்கதவு மூலையில், கதவைப் பாதிக்குமேல் திறக்கவிடாமல். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் வீட்டின் ஒரே தண்ணீர்க் குழாய். மற்றபடி தன் வீட்டில் எது எங்கே நின்றதோ, அதை அங்கேயே வைத்தார். ஒரு விரற்கடை பிசகவில்லை.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்ததும் உத்தரவை நீட்டினார்.

"நாளையிலேருந்து உங்க தெருவுக்குத்தான் முதல் தண்ணி. காலையில அஞ்சு மணி. நீங்க வந்து தினமும் பதிவேட்டுல கையெழுத்துப் போடணுமாம்."

"நானா? நான் எதுக்கு?"

"மனுவுல முதல் கையெழுத்து உங்களுதுதானாமே."

மச்சானின் முகத்திலிருந்த எண்ணெய்ப் பசை ஒரு நொடியில் வற்றியது. "அது... தெருக்காரங்க சேர்ந்து... நான் சும்மா..."

எதிர்வீட்டுப் பெரியவர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? எழுதுனதே நீங்கதானே. என் வீட்டுக்கே ரெண்டு தடவை வந்தீங்களே!"

"பொறுப்பான மனுசன்னு மேடம் சொன்னாங்க," என்றார் திருகாணி. "வரேன் மச்சான். அஞ்சு மணி."

திங்கட்கிழமை நாலேகாலுக்கு எழுந்தார். கை நீட்டிய இடத்தில் சட்டை. அதன் கீழே செருப்பு. ஆணியில் டார்ச். வாசல் மூலையில் வால்வு சாவி, தனியாக, விறைப்பாக. தேட ஒன்றும் இல்லை. நடை நேராகச் சமையலறைக்குப் போனது. மனைவி தேநீரோடு அந்தப் பக்கமிருந்து வந்தாள். யாரும் ஒருக்களிக்கவில்லை. உட்கார்ந்து குடித்தார். உட்கார்ந்து தேநீர் குடிப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கிளம்ப நேரம் மிச்சம் இருந்ததால் இன்னும் அரைக் குவளை கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி, வெறும் தரையைப் பார்த்து.

"இன்னும் நல்லா இருக்கும். இரு."

ஐந்து அடிக்கக் கடைசித் தெருக் குழியில் பதினாலாவது சுற்றைத் திருகி முடித்தார். வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. குழாய்கள் இருமின, குடங்களில் சத்தம் எழுந்தது. மச்சான் வீடு நாலாவது வீடு. இருட்டாகவே இருந்தது. திருகாணி குழியோரம் குந்தி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று உத்தரவில் இல்லை.

ஐந்து இருபத்தெட்டுக்கு அங்கே விளக்கு எரியாமலேயே 'ஐயோ' என்று ஒரு குரல் கேட்டது. குதிரை, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மரத்தில் ஏதோ மோதும் ஓசை. படகு. பிறகு தடால் என்று ஒன்று சாய்ந்தது. தூண்தான், மாவு உடைந்திருக்கும். பெண்குரல் ஒன்று தெருவுக்கே கேட்கும்படி கிளம்பியது.

"வழி முழுக்க அடைச்சு வச்சா எப்படிங்க தண்ணி பிடிக்கிறது? இந்தக் கதவு ஏன் திறக்க மாட்டேங்குது? யார் இதை இங்க வச்சது?"

"நான்தான்டி வைக்கச் சொன்னேன்!"

திருகாணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐந்து முப்பத்தேழுக்கு மச்சான் முன்வாசல் வழியாக நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு கையில் காலி வாளி. கால் கட்டைவிரலில் ரத்தம். தலையில் வெள்ளை மாவு.

"மாப்பிள்ளை, பின்கதவே திறக்க முடியல. ஒரு குடம் கூடப் பிடிக்கல. ஒரு பத்து நிமிசம் கூட விடுங்க."

"விடலாம் மச்சான். ஆனா அடுத்த தெருவுக்குப் பத்து நிமிசம் பிந்திடும். அப்புறம் என் சோம்பேறித்தனத்தைப் பத்தி யாராவது மனு எழுதிடுவாங்க."

மச்சான் காலி வாளியைக் கீழே வைத்தார். திருகாணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக நாற்பதாவது நிமிடம் சாவியைத் திருப்பினார். பதினாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மச்சானின் கண் கூடவே சுற்றியது. கடைசிச் சுற்றில் தெருக் குழாய்கள் எல்லாம் விக்கி நின்றன.

பதிவேட்டை விரித்துப் பேனாவை நீட்டினார். "திறந்தது அஞ்சு, மூடினது அஞ்சு நாற்பது. சரின்னு கையெழுத்துப் போடுங்க."

குனிந்து போட்டார் மச்சான். சுருள் அப்போதும் அழகாகத்தான் விழுந்தது.

அன்றிலிருந்து மச்சான் தினமும் நாலே முக்காலுக்கு எழுந்தார். கடைசித் தெருவுக்கு ஐந்து மணித் தண்ணீர் பிடித்துப்போனது. பழையபடி கடைசியில் விடச் சொல்லி ஒரு புது மனு எழுதிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போனாராம். இந்தத் தடவை ஒரு கையெழுத்தும் விழவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டதாகக் கேள்வி. மனைவியின் ஏச்சுக்குப் பயந்து சாமானை எங்காவது தள்ளிவிடப் பார்த்தார் மச்சான். எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. குதிரையை மட்டும் கூடத்துக்கு நகர்த்தினார் என்று திருகாணியின் மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துப் பொறியாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"நல்லா பண்றீங்க. வண்டல் தொட்டிப் பேச்சை மறந்துடுங்க. இனிமே அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டாம். வயசான மனுசனைப் பாவம் தினமும் எழுப்பிக்கிட்டு. சொல்லிடுங்க."

"சரிங்க மேடம்."

மாலையில் திரும்பும் வழியில் கடையில் நின்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து, அடிக்கோல் வைத்து, அலுவலகப் பதிவேட்டில் இருப்பதுபோலவே கட்டம் போட்டார். தேதி, திறந்த நேரம், மூடிய நேரம், கையெழுத்து. மனைவி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"அதான் வேண்டாம்னு மேடம் சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே. அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாமா?"

அவர் அடிக்கோலைக் கீழே நகர்த்தி அடுத்த கோட்டை இழுத்தார்.

"இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடி. கோடு கோணுது."

அவள் அழுத்திப் பிடித்தாள்.